டைமிங் தப்பிய பிக்கப்: கோளாறைக் கண்டுபிடிப்பது முதல் பெல்ட் மாற்றுவது வரை

ஓடிக்கொண்டிருந்த டீசல் பிக்கப் சட்டென்று அணைந்துவிட்டது, மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், முதலில் சாவியிலிருந்து கையை எடுங்கள். டைமிங் பெல்ட், அதாவது எஞ்சினில் பிஸ்டனும் வால்வும் ஒழுங்கு தப்பாமல் நகர வைக்கும் பல் வைத்த ரப்பர் பட்டை, பல் தாண்டியிருந்தால், நீங்கள் ஸ்டார்ட்டரைச் சுற்றும் ஒவ்வொரு தடவையும் பிஸ்டன் மேலே வந்து, திறந்து நிற்கும் வால்வை இடிக்கப் பார்க்கும். பெல்ட் முழுதாக அறுந்துபோன வண்டியில் அறுந்த நொடியிலேயே சேதம் நடந்து முடிந்திருக்கலாம். ஆனால் ஓரிரு பல் தாண்டி நின்ற வண்டியில் இன்னும் எதுவும் வளையாமல் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்த வாய்ப்பைக் கெடுப்பது பெரும்பாலும் "இன்னும் ஒரு தடவை அடிச்சுப் பார்ப்போம்" என்ற அவசரம்தான். கியரில் போட்டு நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்வது அதைவிட மோசம். பினாங்குப் பாலத்தின் நடுவிலேயே நின்றாலும் சரி, விளக்கைப் போட்டுவிட்டு இழுவை வண்டிக்குக் காத்திருங்கள்.

இந்த வழிகாட்டியை டொயோட்டா ஹைலக்ஸ் விகோவை மனதில் வைத்து எழுதுகிறேன். பினாங்கில் பிறை, பட்டர்வர்த், புக்கிட் மெர்தாஜம் பக்கம் நம்மவர்கள் வேலைக்கு ஓட்டும் பிக்கப்களில் இன்னும் நிறைய விகோ இருக்கிறது. 2.5 லிட்டர் 2கேடி எஞ்சின், 3.0 லிட்டர் 1கேடி எஞ்சின், இரண்டிலும் டைமிங் பெல்ட்தான். கோளாறு தேடும் முறை மற்ற பிக்கப்களுக்கும் அப்படியே பொருந்தும். கழற்றி மாட்டும் விவரம்தான் வண்டிக்கு வண்டி மாறும்.

உங்கள் வண்டியில் இருப்பது பெல்ட்டா, செயினா?

இதைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போய்ப் பாகம் கேட்காதீர்கள். விகோவுக்குப் பின் வந்த ஹைலக்ஸ் ரெவோவில் 2.4, 2.8 இரண்டிலும் செயின். பழைய மிட்சுபிஷி டிரைட்டனின் 2.5 லிட்டர் 4டி56 எஞ்சினில் பெல்ட். அதோடு அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டுக்கென்று இன்னொரு சின்ன பெல்ட்டும் உள்ளே ஓடும். பிறகு வந்த 2.4 லிட்டர் டிரைட்டனில் செயின். நிசான் நவாரா டி40-இல் செயின். இசுசுவின் பழைய 4ஜேஏ1 எஞ்சினில் பெல்ட்டும் இல்லை, செயினும் இல்லை, முழுக்கப் பல்சக்கரம். அதற்குப் பின் வந்த 4ஜேஜே1-இல் செயின்.

டைமிங் என்று எதைச் சொல்கிறோம்?

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில், பிஸ்டன்களோடு சேர்ந்த தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஒரு சுற்றுதான் சுற்ற வேண்டும். பிஸ்டன் எந்த இடத்தில் இருக்கும்போது எந்த வால்வு திறக்க வேண்டும் என்ற ஒழுங்கு இந்த இரண்டுக்கு ஒன்று கணக்கில்தான் நிற்கிறது. கேம் புல்லியில் 40 பல் என்று வைத்துக்கொள்வோம். பெல்ட் ஒரு பல் தாண்டினால் கேம் 9 டிகிரி விலகும். கிராங்க் கணக்கில் அது 18 டிகிரி. ஒரு பல்தானே என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம் இதுதான். டீசல் எஞ்சினில் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது அதற்கும் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மிகவும் குறைவு.

இன்னொன்றையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய டீசலில் பெல்ட் தப்பினால் வால்வும் தப்பும், டீசல் பீய்ச்சும் நேரமும் தப்பும். அதனால் வெள்ளைப் புகையும் 'டக் டக்' என்ற அடியும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். விகோ போன்ற காமன் ரயில் எஞ்சினில் எல்லா இன்ஜெக்டருக்கும் ரயில் என்ற ஒரே குழாயில் அழுத்தத்தோடு டீசல் நிற்கும், அதை எப்போது பீய்ச்ச வேண்டும் என்பதை இசியு என்ற எஞ்சின் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. கிராங்க் சென்சார் கோணத்தைச் சொல்கிறது. கேம் சென்சார் எந்த சிலிண்டரின் முறை என்பதைச் சொல்கிறது. ஆகவே இதில் பெல்ட் ஒரு பல் தாண்டினாலும் பீய்ச்சும் நேரம் ஏறக்குறைய சரியாகவே இருக்கும், வால்வு நேரம் மட்டும் கெட்டிருக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஆனால் இழுவை இருக்காது. பல பேர் இங்கேதான் திசை மாறிப் போகிறார்கள்.

அறிகுறியை எப்படிப் படிப்பது?

பெல்ட் முழுதாக அறுந்திருந்தால் ஸ்டார்ட்டர் சத்தமே வேறு மாதிரி இருக்கும். நல்ல எஞ்சின் சுற்றும்போது ஒவ்வொரு கம்ப்ரெஷனுக்கும் கொஞ்சம் திணறி, விட்டு விட்டு ஒரு தாளம் கேட்கும். பெல்ட் போனதில் அந்தத் திணறல் இருக்காது, அல்லது ஒழுங்கில்லாமல் வரும். எஞ்சின் 'விர்ர்' என்று லேசாகச் சுற்றும். ஒருவர் சொல்லும் அறிகுறியைக் கேட்கும்போதே "அடிக்கும்போது வேகமா சுத்துச்சா, இல்ல எப்பவும் போலவா?" என்று கேட்டுவிடுங்கள். மறுபடி அடித்துக் காட்டச் சொல்ல வேண்டாம்.

பல் தாண்டிய வண்டியின் கதை வேறு. காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும். ஐடிலில் நடுக்கம் இருக்கும். சமதளத்தில் பெரிதாகத் தெரியாது. பாயா தெருபோங்கிலிருந்து துன் சார்டோன் சாலையில் பாலிக் புலாவுக்கு ஏறும்போது, முன்பு மூன்றாம் கியரில் ஏறிய வண்டி இரண்டாம் கியரைக் கேட்கும். பின்னால் புகை கூடும். டீசலும் கூடுதலாகக் குடிக்கும். 2024 ஜூன் 10 அன்று மலேசியத் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35 வெள்ளிக்கு ஏறியதிலிருந்து, செலவைக் கவனிப்பவர்கள் அதிகம். இழுவை இல்லாமல் டீசல் மட்டும் கூடுதலாகப் போகிறது என்று ஒருவர் சொன்னால் அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் இதே அறிகுறிகளைக் காட்டும் வேறு கோளாறுகள் இருக்கின்றன, அவைதான் அடிக்கடி வரும். விகோவில் முதல் சந்தேகம் பம்புக்குள் போகும் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் எஸ்சிவி வால்வின் மேல்தான் வர வேண்டும். அது தேய்ந்தால் ஐடில் ஏறி இறங்கும், ஓடும்போது அணையும், சில நேரம் ஸ்டார்ட் ஆகவே அடம்பிடிக்கும். டீசல் ஃபில்டர் அடைப்பு, டீசல் லைனில் காற்று, டர்போ ஹோஸில் கிழிசல், புகையைத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்பும் இஜிஆர் வழியாக இன்டேக்கில் படிந்த கரி, கிராங்க் சென்சார் ஒயர் என்று பட்டியல் நீளும். கவரைத் திறப்பதற்கு முன் இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட வேண்டும். டைமிங்தான் என்று சோதனையில் நிரூபணம் ஆகாமல் பெல்ட்டைத் தொட வேண்டாம் என்பதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஒழுங்காக இருந்த பெல்ட்டைச் சந்தேகத்தில் கழற்றி, மாட்டும்போது ஒரு பல் தள்ளி வைத்து, இல்லாத கோளாறை உண்டாக்கிய வேலைகளை நிறையப் பார்த்தாயிற்று.

முதல் சோதனை: வண்டியின் வரலாறு

விகோவில் 150,000 கிலோமீட்டரில் டேஷ்போர்டில் டி-பெல்ட் விளக்கு எரியும். அந்த விளக்கை அணைப்பதற்கு பெல்ட் மாற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மீட்டரில் உள்ள ட்ரிப் பட்டனை முறைப்படி அழுத்தினால் ஒரு நிமிடத்தில் அணைந்துவிடும். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கியவர்கள் இதை நன்றாக மனதில் வையுங்கள். விளக்கு எரியவில்லை என்பது பெல்ட் மாற்றியதற்குச் சாட்சி ஆகாது. மீட்டரைக் குறைத்து வைத்த வண்டி என்றால் விளக்குக்கே பொருள் இல்லை. பில் கேளுங்கள். பில் இல்லையா, பெல்ட் கவரிலோ ரேடியேட்டர் மேல்தகட்டிலோ தேதியும் கிலோமீட்டரும் எழுதிய ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் பெல்ட் மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளத்தில் போன வண்டியா என்றும் கேட்க வேண்டும். 2017 நவம்பரில் பினாங்கில் வந்த பெருவெள்ளம் போன்ற சமயங்களில் முழங்கால் தண்ணீருக்கு மேல் ஓட்டிய பிக்கப்களில், பெல்ட் கவருக்குள் சேற்றுத் தண்ணீர் போய், பெல்ட்டுக்கு வழிகாட்டும் சின்னச் சக்கரமான ஐட்லரின் பேரிங்கில் உள்ள கிரீஸ் கெட்டிருக்கலாம். பேரிங் இறுகும்போது பெல்ட்டையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

இரண்டாம் சோதனை: ஸ்கேனர்

ஸ்டியரிங்கின் கீழே இருக்கும் ஓபிடி பாயின்ட்டில் ஸ்கேனரைச் செருகுங்கள். புளூடூத்தில் போனோடு சேரும் சின்னக் கருவி கோளாறுக் கோட் படிக்கப் போதும். லைவ் டேட்டா முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் வொர்க்ஷாப் ஸ்கேனர் நல்லது.

பி0335 என்றால் கிராங்க் சென்சார் சுற்றில் கோளாறு. பி0340 என்றால் கேம் சென்சார் சுற்று. பி0016 என்றால் கிராங்கும் கேமும் சொல்லும் இடங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. டைமிங் தப்பியதற்கு நேரடியான துப்பு இதுதான். ஆனால் எல்லா வண்டியின் இசியுவும் பி0016 போடாது. ஆகவே அந்தக் கோட் இல்லை என்பதாலேயே டைமிங் சரி என்று முடிவு கட்ட முடியாது.

பி0340 வந்ததும் கேம் சென்சாரை மாற்றிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. கேம் சுற்றவில்லை என்றாலும் அதே கோட் வரலாம் அல்லவா? சென்சார் பொய் சொல்கிறதா, உண்மையைத்தான் சொல்கிறதா என்று முதலில் பாருங்கள். பிளக்கைக் கழற்றிப் பச்சை பிடித்திருக்கிறதா, எண்ணெய் ஊறியிருக்கிறதா, ஒயர் எங்காவது உரசியிருக்கிறதா என்று பார்த்து, மல்ட்டிமீட்டரில் மதிப்பை மேனுவலோடு ஒப்பிடுங்கள். ஆஸ்சிலோஸ்கோப் வைத்திருக்கும் ஆளைத் தெரிந்தால் இன்னும் நல்லது. கிராங்க் அலையையும் கேம் அலையையும் ஒரே திரையில் மேலும் கீழுமாகப் போட்டு, அதே எஞ்சினின் சரியான படத்தோடு ஒப்பிட்டால், கவரைத் திறக்காமலே பல் தாண்டியதைக் கண்டுபிடித்துவிடலாம்.

எஞ்சின் அணைந்த வண்டி அல்ல, ஓடிக்கொண்டிருக்கும் வண்டி என்றால், ஓடும்போது ரயில் பிரஷரையும் பாருங்கள். கிராங்க் ஆர்பிஎம் காட்டுகிறது, ஆனால் ரயில் பிரஷர் சரியாக ஏறவில்லை என்றால் பிரச்சினை டீசல் பக்கம். பிரஷரும் நன்றாக இருக்கிறது, சென்சார்களும் நல்லவை, இழுவை மட்டும் இல்லை என்றால் அடுத்த சோதனைக்குப் போகலாம்.

மூன்றாம் சோதனை: கையால் சுற்றுவது, கம்ப்ரெஷன் பார்ப்பது

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ பிளக்குகள் நான்கையும் வெளியே எடுங்கள். கிராங்க் போல்ட்டில் நீளமான கைப்பிடியோடு சாக்கெட் போட்டு, முன்னாலிருந்து பார்க்கும்போது கடிகாரம் சுற்றும் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். க்ளோ பிளக் இல்லாததால் கை லேசாகவே போகும். எங்காவது இரும்பில் இரும்பு முட்டியது போல் கெட்டியாக நின்றால் அங்கேயே நிறுத்துங்கள். பலம் போட்டுத் தாண்ட வைக்காதீர்கள், அது வால்வு.

தடையில்லாமல் சுற்றினால் மட்டும் டீசல் கேஜ் போட்டு கம்ப்ரெஷன் பார்க்கலாம். அதற்கு முன் இன்ஜெக்டர் பிளக்குகளைக் கழற்றிவிடுங்கள், பேட்டரியை மாட்டிக்கொள்ளுங்கள். நல்ல டீசல் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் ஏறக்குறைய 25 முதல் 30 பார் வரை காட்டும். சரியான எல்லை உங்கள் எஞ்சினின் மேனுவலில் இருக்கும். எண்ணைவிட முக்கியம் நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று எப்படி நிற்கிறது என்பது. நான்கும் ஒரே அளவில் குறைந்திருந்தால் வால்வு நேரமே தப்பியிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். மூன்று நன்றாக இருந்து ஒன்று மட்டும் படுத்துவிட்டால் அது வளைந்த வால்வு, எரிந்த வால்வு அல்லது பிஸ்டன் ரிங். அந்த ஒரு சிலிண்டருக்குள் கம்ப்ரஸர் காற்றை விட்டு எங்கே சத்தம் வருகிறது என்று கேளுங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் வந்தால் இன்டேக் வால்வு. சைலன்சரில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் வந்தால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

ஒரு சிலிண்டரில் வால்வு வளைந்திருப்பது இப்போது தெரிந்துவிட்டால், பெல்ட்டை மட்டும் மாற்றுவதில் பயன் இல்லை. ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். வாடிக்கையாளரிடம் அதைக் கவர் திறக்கும் முன்பே சொல்லிவிடுவது இரண்டு பேருக்கும் நல்லது.

நான்காம் சோதனை: மார்க் பார்ப்பது

இனி மேல் கவரைத் திறக்கலாம். விகோவில் விசிறியைச் சுற்றியிருக்கும் ஷ்ரவுடைக் கழற்றினால் கை தாராளமாகப் போகும். இன்டர்கூலர் உள்ள வண்டியில் அதன் பைப்பும் வழியில் நிற்கும். கவர் போல்ட்டுகள் ஒரே நீளம் அல்ல. ஒரு அட்டையில் கவர் வடிவத்தை வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள்.

கிராங்க்கைக் கையால் சுற்றி முதல் சிலிண்டரை டிடிசிக்கு, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். கிராங்க் புல்லியின் வெட்டு, கவரில் உள்ள குறிக்கு நேராக வர வேண்டும். அப்போது கேம் புல்லியின் மார்க் அதற்குரிய இடத்தில் நிற்கிறதா? கேம் மார்க் எதிர்ப்பக்கம் இருந்தால் பதற வேண்டாம், கிராங்க்கை இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். இரண்டுக்கு ஒன்று கணக்கு என்பதால் அது இயல்பு. ஒரு முழுச் சுற்றுக்குப் பிறகும் மார்க் ஒரு பல்லோ இரண்டு பல்லோ தள்ளி நின்றால் டைமிங் தப்பியது நிரூபணம் ஆகிவிட்டது. அந்த நிலையை போனில் படம் எடுத்து வையுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கிராங்க் புல்லியின் வெளிவளையத்துக்கும் நடுப்பகுதிக்கும் இடையே ரப்பர் இருக்கிறது. வயதான புல்லியில் அந்த ரப்பர் விட்டுப்போய் வெளிவளையம் நகர்ந்திருக்கலாம். அப்போது வெட்டு டிடிசியில் இருப்பதாகக் காட்டும், பிஸ்டன் வேறு எங்கோ இருக்கும். கேமும், கீழே பெல்ட்டைச் சுற்ற வைக்கும் டிரைவ் புல்லியும் ஒன்றுக்கொன்று பொருந்தி, கிராங்க் புல்லி மட்டும் ஒத்துவரவில்லை என்றால் முதலில் ரப்பரைப் பாருங்கள்.

ஏன் தாண்டியது?

வேலையின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஆரோக்கியமான பெல்ட் தானாகப் பல் தாண்டாது. பிறையில் சாரக்கட்டு ஏற்றி இறக்கும் ஒரு தம்பியின் 2.5 விகோ வந்தது. இழுவை இல்லை என்று வேறொரு இடத்தில் எஸ்சிவி மாற்றியாயிற்று, டீசல் ஃபில்டர் மாற்றியாயிற்று. கவரைத் திறந்தால் பெல்ட்டின் உள்ஓரம் நூல் நூலாகப் பிரிந்து, பல்லின் அடியில் கறுப்புப் பசை. விரலால் தொட்டால் எஞ்சின் ஆயில். துடைத்துவிட்டு டார்ச் அடித்ததும் கேம் சீலின் கீழ் விளிம்பில் ஆயில் மணி போல் சேர்ந்து, மெதுவாக வழிந்தது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் கம்பி வெளியே வரும் இடமும் ஈரம்.

"அண்ணே, பெல்ட்டு மட்டும் மாத்திக் குடுங்க, நாளைக்கு சைட்டுக்குச் சாமான் போகணும்" என்றார்.

"தம்பி, இந்த சீல் ஒழுகுற வரைக்கும் எந்த பெல்ட்டைப் போட்டாலும் ஆயில் குடிச்சு ஊதிப்போகும். சீலும் டென்ஷனரும் இன்னிக்கே பார்த்துடலாம், நாளைக்குக் காலையில எடுத்துக்குங்க."

ஆயில் பட்ட ரப்பர் மென்மையாகி, பல் வலுவிழக்கும். துடைத்துவிட்டு மறுபடி போடலாம் என்பது கிடையாது. கேம் சீல், கீழ் புல்லி பக்கத்து சீல், வால்வு கவர் கேஸ்கெட், இந்த மூன்றில் எது ஒழுகுகிறது என்று கண்டுபிடித்து அடைத்த பிறகுதான் புதுப் பெல்ட். பெல்ட்டின் ஒரே ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ஐட்லர் சாய்ந்திருக்கிறது. பல் வேரோடு உரிந்து வந்திருந்தால் ஏதோ ஒன்று இறுகியிருக்கிறது. முதுகுப்பக்கம் குறுக்கே விரிசல் விட்டிருந்தால் வெறும் வயதும் வெப்பமும். வயது என்றதும் ஒன்று: ஜார்ஜ்டவுன் நெரிசலில் நின்று நின்று ஓடும் வண்டியில் கிலோமீட்டர் குறைவாகவும் எஞ்சின் ஓடிய மணிநேரம் அதிகமாகவும் இருக்கும். மீட்டரை மட்டும் நம்பிப் பத்து வருஷப் பெல்ட்டை வைத்திருக்காதீர்கள்.

பாகம் வாங்குவது

பெல்ட், டென்ஷனர், ஐட்லர், சீல் எல்லாவற்றையும் சேர்த்தே வாங்குங்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் முதலாளியான தவுக்கேயிடம் எஞ்சின் எண்ணையும் வண்டியின் வருஷத்தையும் சொல்லிக் கேளுங்கள். "விகோ பெல்ட்" என்று மட்டும் சொன்னால் போதாது. பெட்டியில் இருக்கும் பாக எண்ணும் பெல்ட்டின் மேல் அச்சிட்ட எண்ணும் பொருந்த வேண்டும். போலிப் பெல்ட் சந்தையில் இருக்கிறது. அச்சு விரலால் தேய்த்தாலே அழிந்தால் வாங்காதீர்கள். ஹாஃப் கட் எனப்படும், பழைய வண்டியிலிருந்து வெட்டி எடுத்த எஞ்சினில் இருந்து கழற்றிய பெல்ட்டையோ டென்ஷனரையோ எந்தக் காரணத்துக்கும் போட வேண்டாம். வாங்கிய பெல்ட்டை மடக்கிப் பையில் திணிக்கவும் கூடாது. உள்ளே இருக்கும் நார் மடிப்பில் முறிந்துவிடும், வெளியே எதுவும் தெரியாது.

கழற்றி மாட்டும் வேலை

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். விகோவில் ஒரு வசதி, கிராங்க் புல்லியைக் கழற்றாமலே பெல்ட்டை மாற்றிவிடலாம். பெல்ட் மேலே கேம் புல்லிக்கும் கீழே பல்சக்கரத்தால் சுற்றும் டிரைவ் புல்லிக்கும் நடுவே ஓடுகிறது. மற்றப் பல எஞ்சின்களில் கிராங்க் போல்ட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். சிலவற்றில் அது 300 நியூட்டன் மீட்டருக்கும் மேல் இறுக்கப்பட்டிருக்கும், ஸ்டார்ட்டரைச் சுற்றி அதைத் தளர்த்தும் குறுக்கு வழிக்குப் போகாதீர்கள்.

எஞ்சினை டிடிசியில் வைத்துவிட்டு, கேம் புல்லி, டிரைவ் புல்லி மார்க்குகளுக்கு நேராக வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பல் தாண்டிய வண்டி என்றால் பழைய நிலையில் கோடு போட வேண்டாம். மேனுவல் சொல்லும் நிலையை மட்டும் பின்பற்றுங்கள். டென்ஷனரின் இரண்டு போல்ட்டுகளையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒரே பக்கம் முழுதாக எடுத்தால் டென்ஷனர் சாய்ந்து போல்ட்டின் மரையைக் கெடுக்கும். அது வெளியே வந்ததும் பெல்ட் தானாகத் தளரும்.

பெல்ட் இல்லாத நேரத்தில் கேமையோ கிராங்க்கையோ கண்டபடி சுற்றக் கூடாது. வால்வு ஸ்பிரிங் தள்ளுவதால் கேம் தானே கொஞ்சம் நகர்ந்துவிடலாம். கேமைத் திருப்பியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், முதலில் கிராங்க்கை டிடிசியிலிருந்து 90 டிகிரி பின்னால் திருப்புங்கள். அப்போது நான்கு பிஸ்டனும் சிலிண்டரின் பாதியில் நிற்கும். வால்வு எதையும் தொடாது. கேமைச் சரியான இடத்தில் வைத்த பிறகு கிராங்க்கை மறுபடி டிடிசிக்குக் கொண்டுவாருங்கள்.

ஐட்லரைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரப்போ ஆட்டமோ இருந்தால் மாற்றுங்கள். இல்லாவிட்டாலும் மாற்றிவிடுவதே என் விருப்பம், திரும்ப இந்தக் கவரைத் திறக்கும் செலவு அதைவிடப் பெரிது. பழைய டென்ஷனரின் கம்பியைத் தரையில் வைத்து உடல் எடையோடு அழுத்திப் பாருங்கள். கம்பி உள்ளே போனால் அதற்குள் ஆயில் இல்லை, அதுதான் பெல்ட் தளர்ந்த காரணம்.

புது டென்ஷனர், கம்பியை உள்ளே நிறுத்தும் ஊசியான 'பின்' போட்டே பொதுவாக வரும். பழையதையே போடுவதாக இருந்தால் வைஸில் நேராகப் பிடித்து மிக மெதுவாக இறுக்குங்கள். கம்பியின் துளையும் கூட்டின் துளையும் நேராக வரும்போது சன்னமான ஆலன் கீ ஒன்றைச் செருகி நிறுத்துங்கள். அவசரமாக இறுக்கினால் உள்ளே சீல் கிழியும்.

புல்லிகளில் ஒட்டிய ஆயிலைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் பெல்ட்டைப் போடுங்கள். அம்புக்குறி இருந்தால் அது சுற்றும் திசையைக் காட்ட வேண்டும். டென்ஷனர் இல்லாத பக்கத்தில் பெல்ட் இறுக்கமாக நிற்க வேண்டும், தளர்வு முழுதும் டென்ஷனர் பக்கம் வர வேண்டும். இதைத் தவறவிட்டால் பின்னை உருவியதும் கேம் ஒரு பல் பின்னால் இழுபடும். மார்க்குகளை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, டென்ஷனர் போல்ட்டுகளை மாறி மாறி இறுக்குங்கள். சின்ன போல்ட்டுகள் இவை, அலுமினியத்தில் போகின்றன. டார்க் ரென்ச்சில் மேனுவல் சொல்லும் அளவுக்கு மேல் போகாதீர்கள். பின்னை உருவுங்கள்.

அப்புறம், எந்த அவசரத்திலும் விடக் கூடாத ஒன்று. கிராங்க்கை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். எங்கும் முட்டாமல் போய், மார்க்குகள் மறுபடி நேருக்கு நேர் வர வேண்டும். புல்லி மார்க்குகளை மட்டும் பாருங்கள். பெல்ட்டின் மேல் உள்ள கோடுகள் இந்தச் சுற்றுக்குப் பிறகு பொருந்தாது, அது இயல்புதான். அரைப் பல் அளவு தள்ளி நிற்பது போல் தெரிந்தால் கண்ணுக்குக் கோணம் மாறியிருக்கிறதா என்று நேராகக் குனிந்து பாருங்கள். ஒரு முழுப் பல் தள்ளியிருந்தால் பெல்ட்டைக் கழற்றி மறுபடி போடுங்கள். வாடிக்கையாளர் வெளியே காத்திருந்தாலும் சரி, மணி ஏழு ஆனாலும் சரி.

ஸ்டார்ட் செய்த பிறகு

க்ளோ பிளக், இன்ஜெக்டர் ஒயர், கவர், ஷ்ரவுட் எல்லாம் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் சில விநாடி கூர்ந்து கேளுங்கள். பெல்ட் கவர் பக்கம் உரசலோ ஊளையோ வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். எல்லாம் சரி என்றால் பழைய கோட்களை அழித்து, எஞ்சின் சூடானதும் மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். டி-பெல்ட் விளக்கை ட்ரிப் பட்டன் முறையில் ரீசெட் செய்ய வேண்டியது இப்போதுதான், வேலைக்கு முன் அல்ல.

வண்டியைச் சமதளத்தில் மட்டும் ஓட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்காதீர்கள். பின்னால் கொஞ்சம் பாரம் வைத்து ஏற்றத்தில் ஒரு தடவை போய்வாருங்கள். ஒரு வாரம் கழித்துக் கவரின் கீழ் விளிம்பில் ஆயில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வரச் சொல்லுங்கள். புது சீல் சரியாக உட்காரவில்லை என்றால் அதற்குள் தெரிந்துவிடும். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் அழியாத மையில் எழுதி ஒட்டுங்கள். இந்த வண்டி நாளைக்கு வேறொருவர் கைக்குப் போகும்.

செயின் வண்டிக்காரர்களுக்கு

செயின் என்றால் வாழ்நாள் முழுதும் தொட வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். டி40 நவாராவின் 2.5 லிட்டர் எஞ்சினில் செயின் தேய்வது ஊரறிந்த விஷயம். ஒற்றை வரிசைச் செயினை இரட்டை வரிசைக்கு மாற்றிக்கொள்பவர்கள் உண்டு. செயின் அறுவதற்கு முன் நீள்கிறது. காலையில் ஸ்டார்ட் ஆனதும் முன்பக்கம் சங்கிலி உலுக்குவது போல் சில விநாடி சத்தம் வந்து, ஆயில் ஏறியதும் அடங்கும். அந்தச் சத்தத்தை வால்வு பக்கத்து டேப்பெட் சத்தம் என்று தள்ளிவிடாமல், ஸ்கேனரில் கேம், கிராங்க் கோட் இருக்கிறதா என்று பாருங்கள். டென்ஷனர் ஆயில் பிரஷரில்தான் வேலை செய்கிறது. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்ட வண்டியில் செயினும் அதற்கு வழிகாட்டும் கைடும் சீக்கிரம் போகும். மாற்றும்போது செயினோடு கைடு, டென்ஷனர், பல்சக்கரம் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். தேய்ந்த பல்சக்கரத்தில் புதுச் செயின் வெகு நாள் தாங்காது. கழன்ற பிளாஸ்டிக் கைடுத் துண்டுகள் ஆயில் சம்ப்பில் விழுந்திருக்கும். சம்ப்பைக் கழற்றி ஆயில் உறிஞ்சும் வலையைச் சுத்தம் செய்யாமல் எஞ்சினை மூடாதீர்கள்.